பழைய சிந்தசைசருக்கு ஏன் இந்த விலை? உப்புக்காற்று வீசும் ஊரில் அதை எப்படி வைத்திருப்பது?

“அது பழைய ஓகன், பாதிக் கட்டை வேலை செய்யாது, இரும்புக்காரர் வந்தால் கொடுத்துவிடுங்கோ.” திருகோணமலையில் வீடு மாறும்போதும் கோயில் சாமான் அறையைத் துப்புரவாக்கும்போதும் கேட்கிற பேச்சு இது. அதே நேரம் கைபேசியைத் திறந்தால், 1984இல் ஜப்பானில் செய்த ஒரு கீபோட் இன்றைய புதுக் கீபோட்டைப் போலப் பல மடங்கு விலைக்கு வந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: கறுப்புப் பெட்டி, 61 கட்டைகள், பின்பக்கம் சில துளைகள். ஒன்று இரும்பு விலைக்கும் மற்றது இலட்சக்கணக்கிலும் போவது ஏன் என்று கேட்பவர்கள் பலர்.

விடை கருவியின் வயதில் இல்லை. உள்ளே ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதில் இருக்கிறது. உப்புவெளி, உவர்மலை என்று பெயரிலேயே உப்பைச் சுமக்கும் நம் ஊருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: வாங்கிய பிறகு அது உயிரோடு இருக்குமா? முதல் கேள்வி விளங்கினால் இரண்டாவதற்கும் வழி தெரியும்.

ஓகன் வேறு, சிந்தசைசர் வேறு

நாம் பொதுவாக ‘ஓகன்’ என்று சொல்வது ஸ்பீக்கரும் தாளமும் சேர்ந்த வீட்டுக் கீபோட். அதில் வயலின், குழல், பியானோ என்று ஒலிகள் தயாராக வைக்கப்பட்டிருக்கும். நாம் தெரிவு செய்கிறோம், அது ஒலிக்கிறது. சிந்தசைசரில் தெரிவு செய்வதோடு வேலை முடிவதில்லை. ஒலியையே நாம் செய்ய வேண்டும்.

அந்தச் செய்முறையைப் புரிந்துகொள்ள நாதஸ்வரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1. சீவாளியை மட்டும் கழற்றி ஊதினால் கீச்சென்ற முரட்டு ஒலி வரும். சிந்தசைசரில் அந்த வேலையைச் செய்வது ஒசிலேற்றர், அதாவது அலையாக்கி. மின்னோட்டத்தை வாள்பல் வடிவிலோ சதுர வடிவிலோ அதிரவைத்து மூல ஒலியைத் தருகிறது.

2. அந்த முரட்டு ஒலிக்கு நிறம் கொடுப்பவை உலவும் அணசும். அவை சில அதிர்வுகளைத் தூக்கிவிட்டுச் சிலவற்றை அடக்குகின்றன. சிந்தசைசரில் இது ஃபில்ட்டரின் வேலை. ஃபில்ட்டர் கொன்ட்ரோலைத் திருகும்போது ஒலி மூடித் திறப்பதைக் கேட்கலாம். போர்வைக்குள் இருந்து பாடியவர் மெல்ல வெளியே வருவதுபோல.

3. மூச்சின் பலம்தான் ஒலியின் அளவு. இங்கே அது பெருக்கியின் பொறுப்பு.

4. துத்துக்காரம் போட்டு வெட்டி ஊதுவதும், மெல்ல எடுத்து மெல்ல விடுவதும் வேறு வேறு ஒலிகள். ஒரு சுரம் எப்படி எழும்பி, எப்படி நின்று, எப்படி அடங்க வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதிக்கு என்வலப் என்று பெயர்.

அனலொக் சிந்தசைசர் என்பது இந்த நான்கும் உண்மையான மின்சுற்றுகளாக உள்ள கருவி. ரொபர்ட் மோக் 1964இல் இதன் முன்மாதிரியைச் செய்தார். (தமிழில் பலர் ‘மூக்’ என்று எழுதினாலும் அவர் தம் பெயரை மோக் என்றுதான் சொன்னார்.) அது அலுமாரி அளவான பெட்டி, ஒவ்வொரு பகுதியையும் வயரால் தொடுக்க வேண்டும். 1970இல் வந்த மினிமோக், அதைக் கையில் தூக்கும் அளவுக்குச் சுருக்கி வயர்களை உள்ளே வைத்துக் கட்டியது.

மினிமோக்கில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். இதைக் குறையாகச் சொல்கிறார்கள். குழலும் நாதஸ்வரமும் ஒரு சுரம்தானே வாசிக்கின்றன? கட்டைகளுக்கு இடப்பக்கம் ஒரு சில்லு இருக்கும். விரலால் அதை உருட்டினால் சுரம் வளையும். ஒரு கட்டையிலிருந்து மற்றதற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் உண்டு. ஹார்மோனியத்தால் கொடுக்க முடியாத கமகத்தை இந்த இரண்டும் சேர்ந்து கொடுக்கும். பழைய சிந்தசைசர் நம் இசைக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் தோடியின் காந்தாரத்தை ஒருமுறை அந்தச் சில்லில் அசைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சுரத்திலிருந்து பல சுரத்துக்கு

1978இல் சீக்வென்ஷல் சர்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் கொண்டுவந்த புரொபெட்-5, ஐந்து சுரங்களை ஒன்றாக வாசித்தது. செய்த ஒலியை நினைவில் சேமித்தும் வைத்தது. அதற்கு முன் நல்ல ஒலி ஒன்றைக் கண்டுபிடித்தால் கொன்ட்ரோல்கள் எங்கே நின்றன என்று தாளில் குறித்துவைக்க வேண்டியிருந்தது.

பெரிய உடைப்பு 1983இல் நிகழ்ந்தது. அந்த ஆண்டு வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 அனலொக் கருவி அல்ல. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டறிந்த எஃப்எம் முறையில், ஒரு அலை இன்னொரு அலையின் அதிர்வெண்ணை அசைக்க, அந்த அசைவிலிருந்து மணி, மின்பியானோ போன்ற கணீர் ஒலிகள் பிறக்கும். கணக்குப் போட்டு ஒலி செய்வதால் சுருதி அசையாது. ஒரே நேரத்தில் 16 சுரங்கள். எண்பதுகளின் திரையிசையை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் கண்ணாடி போன்ற மின்பியானோ ஒலி பெயர் தெரியாமலே பழக்கமானது.

அதே 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில் புரொபெட்-600ஐயும் ரோலண்ட் ஜூபிட்டர்-6ஐயும் ஒரு வயரால் இணைத்து வாசித்துக் காட்டினார்கள். அதுதான் மிடி. வேறு வேறு கம்பனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேச ஒரு பொதுமொழி. இதற்காக டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது. கருவியின் பின்பக்கம் ஐந்து முனை கொண்ட வட்டத் துளைகள் இருந்தால் அவை மிடித் துளைகள். ஒரு பழைய கருவியை இன்றைய மடிக்கணினியோடு இணைக்க முடிவதும் இதனால்தான்.

விலை ஏன் ஏறியது?

மிகத் தெளிவான உதாரணம் ரோலண்ட் டிபி-303. கிற்றார் வாசிப்பவர் தனியாகப் பழகும்போது பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்ப்பதற்காக 1981இல் வந்த சின்னப் பெட்டி அது. பேஸ் கிற்றார் போலவே ஒலிக்கவில்லை. சந்தையில் தோற்றது, 1984இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். பழைய சாமான் கடைகளுக்குப் போன அந்தப் பெட்டிகளைச் சிக்காகோ நகரின் இளைஞர்கள் சொற்ப விலைக்கு வாங்கினார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபில்ட்டரைத் திருகினார்கள். அந்தத் திருகலிலிருந்து 1987இல் அசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகை கிளம்பியது. அதன்பின் எல்லாருக்கும் அந்தப் பெட்டி வேண்டும். உலகில் உள்ள எண்ணிக்கையோ கூடப் போவதில்லை.

அதற்கும் ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1982இல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் இதே டிபி-303, டிஆர்-808 தாளப்பெட்டி, ஜூபிட்டர்-8 மூன்றையும் வைத்து இராகங்களை வாசித்துப் பதிவு செய்திருந்தார். அப்போது யாரும் கவனிக்கவில்லை. அஹமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மோக் சிந்தசைசர் வந்து இறங்கியது. துணைக்கண்டத்துக்கு இந்தக் கருவி நேற்று வந்த விருந்தாளி அல்ல.

பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களில் எனக்குப் படுகிறவை இவை:

1. எண்ணிக்கை குறைவு, உதிரிப்பாகம் அதைவிடக் குறைவு. அன்றைய ஐசிகள் பலவற்றின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது.

2. ஒரு கொன்ட்ரோலுக்கு ஒரு வேலை. திரையில் பட்டியலைத் தேடாமல் கை நேரே ஒலியைத் தொடுகிறது. இதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். ‘அனலொக்கின் வெம்மை’ என்று சொல்லப்படுவதில் பாதி மிகைப்படுத்தல். இன்றைய மென்பொருள்கள் அந்த ஒலிக்கு மிக அருகில் வந்துவிட்டன. ஆனால் எலியைச் சொடுக்கி ஃபில்ட்டரைத் திறப்பதும் விரல் நுனியால் திறப்பதும் ஒன்றாகாது. வாசிப்பவருக்கு அது தெரியும், கேட்பவருக்கும் தெரிந்துவிடும்.

3. நமக்கு மட்டும் உள்ள காரணம் ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டியிருந்தது. மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். வெளியில் விலை ஏறாமல் நின்றிருந்தாலும் இங்கே ஏறியிருக்கும்.

வீட்டில் இருப்பது எது?

இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் பின்பக்கத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். மாடல் பெயர் அங்கேதான் இருக்கும். யமஹா பிஎஸ்ஆர் வரிசை என்றால் வீட்டுக் கீபோட். பழகும் பிள்ளைக்குக் கொடுக்கலாம், இலட்சம் கிடைக்காது. டிஎக்ஸ், ஜூனோ, பொலிசிக்ஸ், சிஇஸட் போன்ற பெயர் தெரிந்தால் நில்லுங்கள்.

தோற்றம் ஏமாற்றும். ரோலண்ட் எச்எஸ்-60 ஸ்பீக்கர் வைத்த வீட்டு மாடல். உள்ளே இருப்பது இன்று பலர் தேடும் ஜூனோ-106. காசியோ சிஇஸட்-101 சின்னக் கட்டைகளோடு விளையாட்டுச் சாமான் போல இருக்கும்; அது முழுமையான சிந்தசைசர். இன்னும் மலிவான காசியோ எம்டி-40இல் இருந்த ஒரு தயார்த் தாளம் 1985இல் ஜமேக்காவின் ரெகே இசையைக் கணினி யுகத்துக்குத் திருப்பியது. ஸ்பீக்கர் இருக்கிறதா, கட்டை பெரிதா என்று பார்ப்பதைவிட, ஒலியை மாற்ற வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

செத்துப்போன கருவி பெரும்பாலும் சாகவில்லை

அதிகம் அநியாயமாகத் தூக்கி எறியப்படுவது டிஎக்ஸ்7. பிழை இப்படித் தெரியும்: போட்டதும் மின்கலத்தை மாற்றச் சொல்லித் திரையில் வரும். ஒலிகளின் பெயர்கள் அர்த்தமற்ற எழுத்துகளாக இருக்கும். கட்டையை அமத்தினால் கரகரப்போ ஊளையோ கேட்கும், அல்லது எதுவுமே கேட்காது. ‘போட் (உள்ளே இருக்கும் சுற்றுப்பலகை) போய்விட்டது’ என்று தீர்ப்பு எழுதப்படும்.

மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ரூபாய்க் குற்றியளவில் வெள்ளி நிற லித்தியம் மின்கலம் ஒன்று, இரண்டு தகடுகளால் போட்டோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். சிஆர்2032 வகை, மணிக்கூட்டுக் கடையிலும் கிடைப்பதுதான். கருவி அணைந்திருக்கும்போது 32 ஒலிகளை நினைவில் பிடித்து வைத்திருந்தது அதுவே. அது தீர்ந்தால் போவது ஒலிகளின் தரவு மட்டும். கருவி அப்படியே இருக்கிறது. ஒரு ஒலிக்கு 128 பைட், 32 ஒலிக்கு 4096 பைட். மிடியின் வேகத்தில் இதைக் கணினியிலிருந்து திருப்பி அனுப்ப ஒன்றரைச் செக்கன்கூட ஆகாது. புது மின்கலத்துக்கு ஒரு கூடு வைத்து ஒட்டி, நினைவுப் பூட்டை விலக்கி, ஒரு மிடி வயரில் ஒலிகளை ஏற்றினால் நாற்பது வயதுக் கருவி எழுந்து உட்காரும்.

கோர்க் பொலிசிக்ஸ் கதை அப்படி முடிவதில்லை. 1981இல் வந்த அந்தக் கருவியில் இருப்பது நிக்கல் கட்மியம் மின்கலம். அது தீர்ந்தால் சும்மா இருக்காது, கசியும். கசிந்த காரம் போட்டின் செப்புப் பாதைகளைத் தின்றுவிடும். மூடியைத் திறந்து மின்கலத்தைச் சுற்றிப் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், அந்தப் பூவின் அளவைப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

ஜூனோ-106க்கு வேறு நோய். ஆறு சுரங்களுக்கு ஆறு சின்னப் பாகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சுரத்தின் ஃபில்ட்டரும் பெருக்கியும் கறுப்புப் பூச்சுக்குள் மூடப்பட்டிருக்கும். 80017ஏ என்று பெயர். அந்தப் பூச்சே காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிட்டு ஒலியைக் கெடுக்கிறது. ஆறில் ஒரு சுரம் வெடிக்கும், இரையும், அல்லது ஊமையாகிவிடும். திருத்துபவர்கள் பாகத்தைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரிக்கிறார்கள். புதிதாகச் செய்த மாற்றுப் பாகமும் வெளிநாட்டில் கிடைக்கிறது. வாங்குபவர் செய்ய வேண்டியது: ஒரே கட்டையை விட்டு விட்டுப் பன்னிரண்டு தரம் அமத்திக் காது கொடுப்பது. ஆறும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும்.

நம் ஊரின் எதிரிகள்

முதலாவது மின்னழுத்தம். இங்கே வரும் பழைய கருவிகளில் பல ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை. 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் சுவரில் இருப்பது 230. 2.3 மடங்கு அழுத்தத்தைக் கொடுத்தால் வெப்பமாக மாறும் சக்தி ஐந்து மடங்கைத் தாண்டும். பியூஸ் போனால் அதிர்ஷ்டம், ட்ரான்ஸ்போமர் போனால் செலவு. பின்தகட்டில் 100வி என்று இருந்தால் 230ஐ 100 ஆக்கும் இறக்கு ட்ரான்ஸ்போமர் கட்டாயம். தகட்டில் உள்ள வொற் அளவுக்கு இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். போன பியூசுக்குப் பதில் செப்புக் கம்பி முறுக்கும் பழக்கத்தை இந்தக் கருவியில் காட்டவே கூடாது. கரண்ட் போனால் சுவிச்சை அணைத்து வயரைக் கழற்றிவிடுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. கரண்ட் திரும்பும் கணத்தின் அடி, இல்லாத நேரத்தைவிட மோசமானது.

இரண்டாவது உப்பு. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஈர உப்பு உலோகத்தின் மேல் இருந்தால் அரிப்பு நிற்காது. முதலில் காட்டிக்கொடுப்பவை அடித்தகட்டு ஆணிகள். தலையில் துரு பூத்திருந்தால் உள்ளே ஐசிக் கால்களும் கருத்திருக்கும். அடுத்தது கட்டைகளின் அடியில் உள்ள தொடுமுனைகள். பல கருவிகளில் ரப்பர்த் துண்டின் அடியில் கரிப்பூச்சு. வேறு பலவற்றில் மெல்லிய உலோக நாக்கு. கட்டையை அழுத்தி அமத்தினால்தான் ஒலிக்கிறது என்றால் பழுது பெரும்பாலும் இங்கேதான், ஐசியில் அல்ல. ஐசோப்ரொபைல் மதுசாரமும் பஞ்சுக்குச்சியும் ஒரு மாலை நேரமும் போதும். தையல் மெஷின் எண்ணெயை விட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். பிறகு தூசியைப் பிடித்து முன்பைவிட மோசமாக்கும்.

ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழையில் பலர் கருவியைப் பொலித்தீனில் இறுகச் சுற்றி வைக்கிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே வியர்க்கும். பருத்தித் துணியால் மூடி, நிலத்திலிருந்து உயர்த்தி, கடற்பக்க ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வைப்பது நல்லது. எல்லாவற்றையும்விட நல்லது கிழமைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வாசிப்பது. கருவியின் சொந்தச் சூடு ஈரத்தை ஓட்டும். கட்டைகளின் அசைவு தொடுமுனைகளைத் துடைக்கும்.

மூன்றாவது வெக்கை. கச்சான் காற்றுக் காலத்தில் பகல் 35 பாகையை ஒட்டும். மின்வழங்கிப் பகுதியில் உள்ள கண்டென்சர்களுக்கு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இலத்திரனியல் தொழிலில் எல்லாரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஒலிக்குள் ‘ங்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் அவற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நம் ஊர் ரேடியோ திருத்துபவர்களுக்கு இது கைவந்த வேலை. பழைய கருவிகள் பலவற்றின் சுற்றுப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அச்சடித்துக் கையில் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

வெக்கை சுருதியையும் கலைக்கும். பழைய அனலொக் கருவிகள் பலவற்றில் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட். ஒரு அரைச்சுரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட்தான். ட்ரான்சிஸ்டர்கள் சூட்டுக்கு ஏற்ப நடத்தையை மாற்றுபவை என்பதால், கோயில் வீதி மேடையில் பின்னேரம் சேர்த்த சுருதி கடற்காற்று இறங்கிய பிறகு அப்படியே இருக்கும் என்று நம்பக்கூடாது. நாதஸ்வரத்தோடும் பாடகரோடும் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கு மினிமோக் வகையைவிட ஜூனோ வகை பொருத்தம். அதன் அலையாக்கிக்குச் சுருதி கொடுப்பது டிஜிட்டல் கடிகாரம், ஒலியோ அனலொக். வீட்டில் தனியே வாசிப்பவருக்கு அந்தச் சின்ன அலைவே இன்பம்.

வாங்கத்தான் வேண்டுமா?

ஆசை இருக்கிறது, பணம் இல்லை என்பவர்களுக்கு வழி உண்டு. டிஎக்ஸ்7 போலவே நடந்துகொள்ளும் டெக்ஸெட் என்ற இலவச மென்பொருள் அசல் கருவியின் ஒலிக் கோப்புகளையே வாசிக்கும். மினிமோக்கின் சுற்றைப் பின்பற்றிப் பெரிங்கர் 2018இல் விற்பனைக்கு விட்ட சின்னப் பெட்டி அசலின் விலையில் சிறு பங்குதான். கோர்க் தன் பழைய எம்எஸ்-20ஐ 2013இல் சிறிய உருவில் தானே மீண்டும் செய்தது. ஃபில்ட்டர் என்றால் என்ன என்று விரலுக்குத் தெரியவர இவை தாராளமாகப் போதும். அசலை வாங்குவது அதன்பிறகு எடுக்கும் முடிவாக இருக்கட்டும். பழுதாகும்போது மூடியைத் திறக்கத் துணிவில்லாதவர் கைக்கு அது போய்ச்சேருவதில் கருவிக்கும் நன்மையில்லை.

கொழும்பில் வாங்கிக் குளிரூட்டிய பஸ்ஸில் கொண்டுவருபவர்கள் கடைசியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறேழு மணி நேரம் குளிர்ந்த உலோகத்தின் மேல் நம் ஊரின் ஈரக்காற்று பட்டவுடன், குளிர்ந்த சோடாப் போத்தலில் போல நீர் அரும்பும். போட்டின் மேலும் அரும்பும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் ஒரு மூலையில் வையுங்கள். மத்தியானச் சாப்பாடு முடியட்டும். அடித்தகட்டைத் தொட்டுப் பாருங்கள். அறைச் சூட்டுக்கு வந்திருந்தால் பின்தகட்டின் வோல்ட்டை இன்னொரு தரம் வாசித்துவிட்டு, பிறகு சுவிச்சைப் போடுங்கள்.